குளிர்ந்த யந்திரத்தின் பசி

பட்டறைக்குப் போன வண்டி குணமாகித் திரும்பிவிட்டது. முன்போல் இரைவதில்லை, புகை கக்குவதில்லை, மேட்டில் திணறி நின்று பின்னால் வருகிறவர்களின் வசவைக் கேட்கவைப்பதுமில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குப் போதுமாயிருந்த பெட்ரோல் இப்போது ஆறாம் நாளே தீர்ந்துபோகிறது என்னும் குறையை, சோமனூரில் வண்டி வைத்திருப்பவர்களில் பலரும் என்றைக்கோ ஒருநாள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மற்றப் பழுதுகள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும் சுபாவமுடையவை. பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடுகிறது. கிளட்ச் எரிந்தால் நாறுகிறது. பேட்டரி செத்தால் வண்டி அசையவே மறுக்கிறது. இந்த ஒன்று மட்டும் ஓசையோ வாசனையோ இல்லாமல், கணக்கெழுதுகிறவனுடைய நோட்டில் மாத்திரமே பிரத்தியட்சமாகிறது. கணக்கெழுதாதவனுக்கு அது இல்லவே இல்லை. ஆகையால் இதைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போகிறவன் பெரும்பாலும் சமாதானம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறான். "பங்க்குல அளவு கொறைச்சு ஊத்தியிருப்பானுங்க" என்பார்கள். "ஏசி போட்டே ஓட்டியிருப்பீங்க" என்பார்கள். யந்திரத்தைப் பிரித்துப் பூட்டியிருந்தால், "புது ரிங்குங்க, ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனா தானா செட்டாயிருமுங்க" என்பார்கள். கடைசியாகச் சொன்னதில் உண்மையும் உண்டு. புதிய வளையங்கள் உருளைச் சுவரோடு பழகும்வரை உராய்வு அதிகம். சிறிது எரிபொருள் கூடுதலாகத்தான் செலவாகும். அந்த உண்மைக்குப் பின்னால் எத்தனையோ பிசகுகள் ஒளிந்துகொள்கின்றன என்பதுதான் விசாரத்துக்குரியது.

கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே, ரயில்பாதை ஓரமாக, கருமத்தம்பட்டியில் அவிநாசிச் சாலையைத் தொட்டும் தொடாமலும் கிடக்கிற இந்த ஊரில் வண்டி என்பது உல்லாச சாதனம் அன்று. தறிக்குடோன்களிலிருந்து காடாத் துணியை ஏற்றிக்கொண்டு வியாபாரியின் கிடங்குக்குப் போவதும், அங்கிருந்து ஊடை நூல் மூட்டையை எடுத்து வருவதும், இடையில் ஒரு பாவு, ஒரு மோட்டார், ஒரு பல்சக்கரம் என்று அவ்வப்போது அலைவதுமாக, ஒவ்வொரு பிரயாணமும் நான்கைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. இந்தக் காரியத்துக்கு மாருதி ஆம்னியைப்போல் ஒத்துழைத்த வண்டி வேறில்லை. 796 சி.சி. கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட சிறிய யந்திரம். அது முன்னிருக்கைக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால் அதற்குக் காய்ச்சல் கண்டால் ஓட்டுகிறவனின் தொடைக்கு முதலில் தெரிந்துவிடும். அந்த வண்டியின் உற்பத்தி 2019இல் நின்றுபோயிற்று. எனினும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் அதன் உத்தியோகம் இன்னும் முடியவில்லை.

எங்கள் வீட்டு ஆம்னிக்கு அப்படியொரு காய்ச்சல் வந்தது. பல்லடம் சாலையில் நூல் ஏற்றிக்கொண்டு வரும்போது முள் சிவப்பைத் தொட்டு, ரேடியேட்டர் கொதித்து, வண்டி நின்றது. பட்டறையில் ஹெட் கேஸ்கெட் மாற்றினார்கள். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். செய்த வேலையில் சுத்தமிருந்தது, கேட்ட கூலியில் நியாயமிருந்தது. வண்டியை ஒப்படைக்கும்போது மிஸ்திரி, உபகாரம் செய்தவரின் மலர்ச்சியோடு ஒரு செய்தி சொன்னார்: "ஏனுங்கண்ணா, தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டுட்டனுங்க. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குங்க? இனி எவ்வளவு லோடு ஏத்துனாலும் சூடே ஆகாதுங்க." அவர் சொன்னது பலித்தது. முள் பாதிக்கு மேல் ஏறவேயில்லை. பல நாள் பாதியைக்கூட எட்டவில்லை. அதுவரை லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போல் ஓடிக்கொண்டிருந்த வண்டி, டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடியும் நிரப்பிப் பார்த்தபோது, 13ஐத் தாண்ட மாட்டேனென்றது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது 10 லிட்டர் நஷ்டம். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற இக்காலத்தில் ஆயிரம் ரூபாய். கழற்றி எறிந்த வால்வின் விலை அந்த ஆயிரத்தில் பாதிகூட வராது.

தமிழ்நாடு நெடுகிலும், இந்தியாவின் உஷ்ணப் பிரதேசங்கள் பலவற்றிலும், இந்த வால்வைக் கழற்றி எறிவது பட்டறைகளின் பரம்பரை வழக்கம். ஆகையால் அதன் தொழிலைச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. கட்டைவிரலளவான ஒரு பித்தளைக் குப்பியினுள் மெழுகு அடைத்திருக்கிறது. யந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் ஏறத்தாழ 80 டிகிரியைக் கடக்கும்போது அந்த மெழுகு உருகி விரிந்து ஒரு ஊசியைத் தள்ளுகிறது, கதவு திறக்கிறது, நீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வருகிறது. உஷ்ணம் தாழ்ந்தால் மெழுகு இறுகுகிறது. வில்சுருள் கதவை மூடுகிறது. மின்சாரமில்லை, கம்பியில்லை, எவருடைய உத்தரவும் வேண்டுவதில்லை. செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930களில் உருவாக்கிய இந்த ஏற்பாடு, ஏறக்குறைய அப்படியே இன்றும் கோடிக்கணக்கான வண்டிகளில் வேலை செய்கிறது. மனிதனின் நுண்ணறிவு இவ்வளவு சிறிய பாத்திரத்தில் இவ்வளவு அடக்கமாக அமர்ந்திருப்பதைக் காண எனக்கு எப்போதும் வியப்புண்டு.

அதனுடைய தர்மம் யந்திரத்தைக் குளிர்விப்பது என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். யந்திரத்தைச் சூடாகவே வைத்திருப்பதும் அதன் தர்மம். யோசித்துப் பார்த்தால் அதுவே முதன்மையானதும் ஆகும். பெட்ரோல் நெருப்பாவதற்கு முன் ஆவியாக வேண்டும். உருளைச் சுவர் குளிர்ந்திருந்தால் தெளிக்கப்பட்ட பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் படிந்து, எரியாமலே புகைக்குழாய் வழியாகவோ எண்ணெய்த் தொட்டிக்கோ போய்ச் சேருகிறது. எண்ணெயும் தடித்தே இருப்பதால் யந்திரம் தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கே அதிக பலம் செலவிட நேர்கிறது. பிற்கால ஆம்னியைப்போல் கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டியானால் இன்னொரு சங்கதியும் உண்டு: நீரின் வெப்பத்தை அளந்து சொல்லும் சென்சார், 'இன்னும் காலை நேரம்தான், வண்டி இப்போதுதான் எழுந்திருக்கிறது' என்பதுபோல் ஒரு செய்தியையே நாள் முழுதும் அனுப்பிக்கொண்டிருக்க, அந்த விசுவாசமான கம்ப்யூட்டர் குளிர்ந்த யந்திரத்துக்குரிய கூடுதல் பெட்ரோலை விடாமல் கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டி எப்படியோ சூடேறிச் சமாளித்துக்கொள்ளும். நான்கு கிலோமீட்டருக்கொரு முறை நிற்கும் சோமனூர் வண்டிக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. வெயில் வெளியே எவ்வளவு காய்ந்தாலும், 40 டிகிரி என்பது 80 டிகிரியில் பாதிதான். சில யந்திரங்களில் இந்த வால்வு, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்குவழியையும் அடைத்துக்கொடுக்கிறது. அவற்றில் வால்வைக் கழற்றிவிட்டால் வெந்நீரில் ஒரு பங்கு குளிராமலே திரும்பி, எதற்குப் பயந்து கழற்றினோமோ அந்தக் கொதிப்பையே மறுபடி கொண்டுவந்துவிடும்.

உருளை குளிர்ந்தால் யந்திரம் அதிகமாகத் தின்னும் என்பது நேற்று இன்று கண்ட விஷயமல்ல. நவீன யந்திரங்களின் சரித்திரமே அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1763ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் கிளாஸ்கோ சர்வகலாசாலை, வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் நீராவி யந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்றைப் பழுது பார்க்கும்படி, அங்கே கருவிகள் செய்து வாழ்ந்துவந்த ஜேம்ஸ் வாட் என்ற இளைஞரிடம் கொடுத்தது. வாட் பழுது பார்த்தார், மாதிரி ஓடிற்று, ஆனால் சில தடவை அடித்துவிட்டு நின்றுவிட்டது. ஏதும் உடைந்திருக்கவில்லை. கொதிகலன் தரும் நீராவி அதன் பசிக்குப் போதவில்லை, அவ்வளவே. சாதாரண மிஸ்திரியாயிருந்தால் சற்றுப் பெரிய கொதிகலனைப் பொருத்திக் கூலியை வாங்கிக்கொண்டிருப்பார். கேட்ட வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு முழு உரிமையுண்டு. வாட் அங்கே நின்று, இவ்வளவு நீராவி எங்கே போகிறது என்று கேட்டார், அளந்து பார்த்தார், ஒவ்வோர் அடிக்கும் உருளையின் கொள்ளளவைப்போல் பல மடங்கு நீராவி உள்ளே போவதைக் கண்டார். உள்ளே குளிர்ந்த நீரைப் பாய்ச்சி நீராவியை நீராக்கும்போதெல்லாம் உருளையும் கூடவே குளிர்ந்துவிடுகிறது. அடுத்த அடிக்கு வரும் நீராவியின் பெரும்பகுதி, வேலை செய்யாமல், அந்தக் குளிர்ந்த உருளையைச் சூடேற்றுவதிலேயே மாண்டுபோகிறது. உருளை எப்போதும் சூடாகவே இருக்கட்டும், குளிர்விக்கும் காரியம் வேறொரு பாத்திரத்தில் நடக்கட்டும் என்ற எண்ணம் 1765இல் அவருக்கு உதித்தது. 1769இல் காப்புரிமை பெற்றார். பிற்காலத்துத் தொழிற்சாலைகளும் ரயில்களும், எங்கள் ஊரின் விசைத்தறிகளுங்கூட, எந்த வம்சத்தில் வந்தவையோ அந்த வம்சத்தின் தொடக்கத்தில் நிற்பது, பழுது பார்த்த பிறகும் அதிகமாகத் தின்ற ஒரு பொம்மை யந்திரம். எங்கள் மிஸ்திரி வால்வைக் கழற்றியபோது செய்தது, வாட் ஒழித்துக்கட்டிய அந்தப் பழைய விரயத்தின் ஓர் அம்சத்தைத் திரும்ப உள்ளே அழைத்ததுதான்.

இதைவிட என் மனத்தை ஈர்ப்பது வாட்டும் அவருடைய கூட்டாளி மாத்யூ போல்டனும் தங்கள் யந்திரத்துக்கு வாங்கிய விலை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வாலில் செம்பும் வெள்ளீயமும் தோண்டிய சுரங்கங்களுக்கு நிலக்கரி கப்பலில் வரவேண்டியிருந்தது. ஆகையால் அங்கே கரி கனத்த விலை. போல்டனும் வாட்டும் சுரங்கக்காரர்களிடம் சொன்னது இது: பழைய நியூகோமன் யந்திரம் இதே வேலைக்கு எவ்வளவு கரி எரித்திருக்குமோ, அதில் எங்கள் யந்திரம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறதோ, அந்த மிச்சத்தின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுத்துவாருங்கள். யந்திரம் எத்தனை முறை அடித்தது என்பதை எண்ண, பூட்டிய பெட்டிக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். சுரங்க முதலாளிகளுக்கும் அவர்களுக்கும் பின்னால் ஓயாத வழக்குகள் வந்தன என்பது வேறு கதை. எனினும் செய்தவனுடைய ஊதியத்தையும் உடையவனுடைய எரிபொருள் செலவையும் ஒரே கயிற்றில் கட்டிய அந்த ஏற்பாடு அபூர்வமானது. காப்புரிமை 1800இல் முடிந்த பிற்பாடு, 1811 முதல், கார்ன்வால் யந்திரங்கள் பலவற்றில் ஒவ்வொன்றும் ஒரு புஷல் கரிக்கு எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் தூக்கிற்று என்பதை மாதாமாதம் அச்சிட்டு வெளியிடும் வழக்கம் வந்தது. யாருடைய யந்திரம் அதிகம் தின்கிறது என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டால், அந்தப் பொறியாளர் எப்படிச் சும்மா இருப்பார்? அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த யந்திரங்களின் திறன் பன்மடங்கு உயர்ந்தது. அதில் கணிசமான பங்கு, பொறியாளர்கள் பலர் அங்குமிங்கும் செய்த சிறு திருத்தங்களால் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் மிஸ்திரிக்காகப் பரிந்து பேச வேண்டியிருக்கிறது. அவரிடம் நாம் என்ன கேட்டோம்? சூடாகக் கூடாது என்று கேட்டோம், ஆகவில்லை. வண்டி மறுபடி நடுச்சாலையில் நின்றால் அவரைத் தேடிப் போய்ச் சண்டை பிடிப்போம். பெட்ரோல் கூடுதலாகச் செலவானால் பங்க்கைத் திட்டுவோம். நின்றுபோன வண்டியின் பழி அவர் தலையில் விழும். கரைந்துபோகும் பெட்ரோலின் பழி ஒருவர் தலையிலும் விழாது. இப்படிப்பட்ட நிலையில் எந்தத் தொழிலாளியும், விவேகமுள்ளவரானால், முதல் அபாயத்தைத் தடுத்து இரண்டாவதை நம் கணக்கில் எழுதிவிடத்தான் செய்வார். பழைய வால்வு ஒன்று மூடியபடியே இறுகி, அதனால் ஒரு யந்திரம் கொதித்து நாசமானதைத் தம் குருவின் பட்டறையில் சிறுவயதிலேயே கண்டவர் அவர். அந்தப் பயம் அனுபவத்தில் விளைந்தது. இந்த வட்டாரத்தின் யந்திர ஞானம் முழுவதும் கண்ணால் பார்த்துக் கையால் கற்றதே. சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பை உதறி, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்று, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியவர் என்பதை இங்கே சிறுபிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அவர் பஸ்ஸின் முதலாளியும் அவரே, ஓட்டியும் அவரே, பழுது பார்த்தவரும் அவரே. ஒரு காலன் கூடுதலாகச் செலவானால் அது அவர் பையிலிருந்து போயிற்று. கைவேலையும் கணக்கும் ஒரே மனிதனிடம் கூடியிருந்தபடியால் அந்தக் கைக்கு அப்படியொரு கூர்மை வாய்த்தது. இன்றைய மிஸ்திரியிடம் கை இருக்கிறது. கணக்கு நம்மிடம் இருக்கிறது. நம்மில் பலரிடம் அதுவும் இல்லை.

வேறு காரணங்களும் உண்டு. பிரேக் கட்டையை மாற்றும்போது சற்று இறுக்கிவிட்டால் சக்கரம் எப்போதும் உராய்ந்துகொண்டேயிருக்கும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், எது பிடிக்கிறதோ அது அனலாய் அடித்துச் சொல்லிவிடும். டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தாலும் யந்திரம் ஓடும், இழுப்புக் குறைந்து அதிகமாய்த் தின்றுகொண்டு ஓடும். சக்கரங்களின் நேர்மை தப்பினால் டயரும் தேயும், பெட்ரோலும் தேயும். டயரையே பெரிதாக மாற்றியிருந்தால், வண்டி ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டும். அங்கே நஷ்டத்தில் ஒரு பகுதி வெறும் தோற்றம். இவற்றைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. பட்டறைக்குப் போகுமுன் வண்டி என்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்ற ஓர் எண் கையிலிருக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை. அந்த எண்ணில்லாதவன் தன் சந்தேகத்தை நிரூபிக்கவும் முடியாது, விடவும் முடியாது.

ஆச்சரியம் என்னவென்றால், எண்ணிப் பார்ப்பதில் சோமனூர்க்காரனுக்கு ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வியாபாரி கொடுத்த பாவுக்கும் ஊடைக்கும், திரும்பி வந்த துணிக்கும் எடை நேர்செய்யப்படுகிறது. ஓர் அங்குலத்தில் எத்தனை ஊடை ஓடியிருக்கிறது என்பது கண்ணாடி வைத்து எண்ணப்படுகிறது. குறைந்தால் கூலியில் பிடித்தம். மீட்டருக்கு இத்தனை காசு என்ற கூலிக்காக வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தையும் வேலைநிறுத்தமும் நடத்திய ஜனங்கள் இவர்கள். காசின் அருமையை அவர்களுக்கு உபதேசிக்க எவருக்கும் தகுதியில்லை. இருந்தும், அதே துணியை நெய்கிற மோட்டார் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பும்போது அது முன்பைவிட எவ்வளவு அதிகம் குடிக்கிறது என்று பார்க்கும் வழக்கம் ஏற்படவில்லை. வண்டியைப் பற்றித் தொடங்கிய யோசனை என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது இந்த இடத்தில்தான். வண்டி வீட்டுக்கு ஒன்று, மோட்டார் தறிக்கு ஒன்று.

தறி மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டக் கொடுக்கிறோம். பழைய கம்பியை உரித்தெடுப்பதற்காக மோட்டாரின் கூட்டை நெருப்பில் காய்ச்சுகிறார்கள். அந்தக் கூடு ஒரே இரும்பாக வார்த்ததல்ல; தாள்போன்ற இரும்புத் தகடுகளை, ஒன்றையொன்று மின்சாரம் தாண்டாதபடி மெல்லிய பூச்சுப் பூசி, அடுக்கியது. ஏறத்தாழ 360 டிகிரிக்குள் அளவாகக் காய்ச்சினால் அந்தப் பூச்சுப் பிழைத்துக்கொள்ளும். மோட்டார் பழையபடியே வேலை செய்யும். அவசரத்தில் ஊதுவிளக்கை நேரே பிடித்துச் சிவக்கக் காய்ச்சினால் பூச்சு எரிந்து, தகடுகளுக்குள் சுழல்மின்னோட்டம் பாய்ந்து, இரும்பைச் சூடாக்குவதிலேயே மின்சாரம் வீணாகும். கம்பி ஒரு நம்பர் மெலிந்தாலும், சுற்று நாலு குறைந்தாலும் அப்படியே. மோட்டார் ஓடும், துணி நெய்யும், ஒன்றும் தெரியாது. ஒரு மோட்டார் 25 வாட் கூடுதலாக எடுக்கிறதென்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடும் குடோனில் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். அப்படி எட்டு மோட்டார்களானால் 240 யூனிட். விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரத்தை 2023இல் அரசாங்கம் 1,000 யூனிட்டாக உயர்த்திற்று. உபகாரமான காரியம்; எத்தனையோ குடும்பங்களைத் தாங்கிப் பிடித்த காரியம். அந்த உபகாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, நெசவாளனின் வீட்டுக்குப் போய்ச் சேராமல், தவறாகக் காய்ச்சிய இரும்புக்குள்ளேயே எரிந்துபோகக் கூடும் என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. எட்டுத் தறிக்கும் சேர்த்து ஒரே மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. இலவசம் கழிந்த மீதிக்குத்தான் பணம். இத்தனை திரைகளுக்குப் பின்னால் ஒரு மோட்டாரின் பெருந்தீனி எப்படிக் கண்ணில் படும்?

எங்கள் ஆம்னிக்குப் புதிய வால்வு வாங்கிக் கொடுத்தபோது, மிஸ்திரி முதலில் தயங்கினார். டேங்க் கணக்கு எழுதிய நோட்டைக் காட்டியதும், கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதி வெச்சு ஒருத்தருங் கேட்டதில்லீங்களே" என்று சொல்லி, வால்வை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுத் திறக்கிறதா என்று சோதித்த பிறகே மாட்டினார். வண்டி பழைய நிலைக்கு வந்தது. மோட்டார் விஷயத்தில் இதைவிட எளிதான வழி இருக்கிறது. காயில் கட்டும் கடையில், கம்பியில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் டாங் டெஸ்டர் இல்லாமலிராது. எரிவதற்கு முன்னால், நன்றாயிருக்கும்போதே, ஒவ்வொரு மோட்டாரையும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறுமே ஓட்டி, மூன்று கம்பியிலும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறதென்று பார்த்து, அதன் உடம்பிலேயே பெயின்ட்டால் எழுதிவைத்துவிடலாம்; கட்டித் திரும்பியதும் அதேபோல் வெறுமே ஓட்டி ஒப்பிட்டு, மூன்றும் ஒன்றோடொன்று ஒத்து, பழைய எண்ணுக்கு மேல் போகாமலிருந்தால் கூலியைக் கொடுக்கலாம். கடைக்காரருக்கு இதில் மனத்தாங்கல் வர இடமில்லை. விளக்கை அளவாகப் பிடித்து, சுற்றைக் குறைக்காமல், ஒரு பகல் அதிகமாகச் செலவிட்டுக் கட்டுகிறவர், அரை நாளில் கட்டித்தருகிற அடுத்த கடையைவிட இருநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்பதற்கு இன்று அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. அந்த மூன்று எண்களும் எழுதப்பட்ட நாளில் அது அவருக்குக் கிடைத்துவிடும்.